பார்பரா கார்டனும் என் முட்டியும்

முட்டி உடைஞ்சு படுத்திருந்த ஏழு வாரத்துல என்னைப் பார்க்க வந்தவங்க கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் பதினொண்ணு. ஆப்பிளுக்குக் கணக்கே இல்ல. ஆனா வந்தவங்கள்ல முக்காவாசிப் பேர் என்கிட்ட பேசல. ரூமுக்குள்ள வருவாங்க, காலைப் பார்த்து ஒரு "த்சொ" கொட்டுவாங்க, அப்புறம் சேரை அப்பா பக்கமா இழுத்துப் போட்டு உக்காந்து, "அந்நேரத்துல ஃபோன் வந்தா உங்களுக்கு எப்படிங்க இருந்திருக்கும்" அப்படின்னு ஆரம்பிப்பாங்க. அப்பாவும் சொல்வார். ஒன்பதரை மணி, டிவில நியூஸ் ஓடிட்டிருந்துச்சு, தெரியாத நம்பர், எடுத்தா யாரோ ஒரு ஆம்பளைக் குரல். ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, அதே இடத்துல ஒரு பெருமூச்சு. ஒரு வாரத்துல எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. அத்தை ஒருத்தங்க கிளம்பறப்ப என்னைப் பார்த்து, "அப்பா எப்படி இளைச்சுட்டார் பாரு, இனிமேலாவது வண்டியை மெதுவா ஓட்டு கண்ணு" ன்னாங்க. பிளேட் வச்சு ஆறு ஸ்க்ரூ போட்டிருந்தது என் கால்ல.

ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் மட்டும் ஹார்லிக்ஸுக்குப் பதிலா ஒரு பழைய டேப்லெட் கொண்டுவந்து கொடுத்தான், உள்ள முழுக்க பேட்மேன் காமிக்ஸ். புண்ணியவான். அதுல நான் முதல்ல திறந்தது 'தி கில்லிங் ஜோக்'. காலேஜ்லயே படிச்சதுதான். 1988ல வந்தது, ஆலன் மூர் எழுத்து, பிரையன் போலண்ட் படம், காமிக்ஸ் படிக்கிற யாரைக் கேட்டாலும் டாப் டென்ல இதைச் சொல்வாங்க, நானும் பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன். ஆனா கால் தலகாணி மேல இருக்கறப்ப படிக்கிற கில்லிங் ஜோக் வேற புக்.

தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன சுருக்கம். பேட்மேனோட ஊர் போலீஸ் கமிஷனர் கார்டன் வீட்டுல பேப்பர் கட்டிங் ஒட்டிட்டு உக்காந்திருக்கார், பொண்ணு பார்பரா பேசிட்டே இருக்கா, காலிங் பெல் அடிக்குது. ஃப்ரெண்டு வந்திருக்கான்னு நினைச்சு அவ போய்க் கதவைத் திறக்கறா. வாசல்ல பேட்மேனோட பரம எதிரி ஜோக்கர், பூப்போட்ட சட்டை, கழுத்துல கேமரா, கையில துப்பாக்கி. சுடறான். குண்டு முதுகுத்தண்டுல. அதோட விடல, துணியைக் கழட்டி அவ அடிபட்டுக் கிடக்கறதைப் ஃபோட்டோ எடுக்கறான். எதுக்கு? அவ அப்பாவுக்குக் காட்ட. எவ்வளவு நல்ல மனுஷனுக்கும் ஒரே ஒரு மோசமான நாள் வந்தா போதும், அவன் பைத்தியமாயிடுவான்னு ஜோக்கருக்கு ஒரு தியரி, அதை நிரூபிக்க கார்டனைக் கடத்திட்டுப் போய் அந்த ஃபோட்டோவையெல்லாம் பெருசு பெருசா காட்டறான். கார்டன் பைத்தியமாகல. பேட்மேன் வர்றார், பிடிக்கறார், கடைசிப் பக்கத்துல மழையில நின்னுட்டு ஜோக்கர் ஒரு ஜோக் சொல்றான், ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. முடிஞ்சுது.

பார்பரா? ஆஸ்பத்திரி பெட்ல சில கட்டங்கள் வர்றா, பேட்மேன்கிட்ட அப்பாவைப் பத்திக் கவலைப்படறா, அவ்வளவுதான், அப்புறம் ஆளே இல்ல. ஐம்பது பக்கம்கூட இல்லாத கதை அது. அதுல ஜோக்கருக்கு ஃப்ளாஷ்பேக் உண்டு, பாவம் அவனும் ஒரு காலத்துல தோத்துப்போன காமெடியன், மாசமா இருந்த பொண்டாட்டி ஒரு விபத்துல செத்துப்போறா, அன்னைக்குத்தான் அவன் உடையறான். நான் அன்னைக்குத்தான் கவனிச்சேன், மொத்தக் கதையில முக்கியமான பொம்பளைங்க ரெண்டே பேர். ஒருத்தி செத்ததால ஜோக்கர் உருவாகறான். இன்னொருத்தி முதுகெலும்பை உடைச்சு கார்டனுக்குப் பரீட்சை வைக்கறாங்க. சேரை அப்பா பக்கம் இழுத்துப் போட்ட மாதிரியே இருந்துச்சு எனக்கு.

இதுல கொடுமை என்னன்னா, பார்பராவோட ஒரிஜினல் ஆரம்பக் கதையில காயமே கிடையாது. 1967 ஜனவரி தேதி போட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் 359ஆவது இதழ், கார்ட்னர் ஃபாக்ஸ் எழுத்து, கார்மைன் இன்ஃபான்டினோ படம். பார்பரா லைப்ரரில வேலை பார்க்கறவ. ஒரு மாறுவேஷப் பார்ட்டிக்குப் போறதுக்காக பேட்மேன் மாதிரி ஒரு டிரஸ் தைச்சுப் போட்டுட்டுக் கிளம்பறா, வழியில கில்லர் மாத்னு ஒரு வில்லன் புரூஸ் வேய்னை, அதான் வேஷம் போடாத பேட்மேனை, தாக்கறதைப் பார்க்கறா, இறங்கி அடிக்கறா, அடிக்கறது பிடிச்சுப்போச்சு, பேட்கேர்ள்ங்கற பேர்ல தொடர்ந்துட்டா. அவ்வளவுதான் காரணம்! யாரும் சாகல, யாரும் அவளைத் தொடல, பழி வாங்கல் எதுவும் இல்ல. ஒரு பொண்ணுக்கு ஒரு வேலை பிடிச்சிருந்துச்சு, செஞ்சா. இப்ப யோசிச்சா இதைவிடப் புரட்சிகரமான ஆரம்பக் கதை எதுவும் இல்லைன்னு தோணுது. ஆனா 1988ல கில்லிங் ஜோக் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி 'பேட்கேர்ள் ஸ்பெஷல்'னு தனி இதழ் ஒண்ணு போட்டு அந்த வேஷத்தைக் கழட்ட வச்சுட்டாங்க, அதனால ஜோக்கர் சுடறப்ப அவ பேட்கேர்ள்கூட இல்ல. வெறும் கமிஷனர் பொண்ணு. மூரே பிற்காலப் பேட்டிகள்ல இந்தப் புக்கைப் பெருசா தூக்கிப் பேசினதில்ல, அதுல சொல்றதுக்குப் பெருசா எதுவும் இல்லைங்கற மாதிரிதான் சொன்னார். ஆனா விற்பனை விற்பனைதான், இன்னைக்கு வரைக்கும் புது அட்டை போட்டு வந்துட்டேதான் இருக்கு.

சரி, சுட்டாச்சு, இனி அவளை என்ன பண்றது? காமிக்ஸைப் போடற டிசி கம்பெனிக்கு எந்தத் திட்டமும் இல்ல. அப்படியே விட்டிருந்தா பார்பரா ஒரு அடிக்குறிப்பா முடிஞ்சிருப்பா. அங்கதான் கிம் யேல், ஜான் ஆஸ்ட்ரண்டர்னு ஒரு எழுத்தாளர் தம்பதி உள்ள வர்றாங்க. பார்பராவை இவ்வளவு அலட்சியமா கையாண்டது கிம் யேலுக்குப் பொறுக்கல. அவங்க அப்ப எழுதிட்டிருந்த 'சூசைட் ஸ்குவாட்' 23ஆவது இதழ்ல, 1989 ஜனவரி, கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல ஒரு ஆள் வர்றாங்க, பேரு ஆரக்கிள். யாருன்னே தெரியாது. கேட்ட தகவலைத் தர்றாங்க, போறாங்க. ரொம்ப நாள் கழிச்சுத்தான் அது வீல்சேர்ல உக்காந்திருக்கற பார்பரான்னு வாசகர்களுக்குச் சொன்னாங்க. எனக்கு இந்த வரிசை ரொம்பப் பிடிக்கும். முதல்ல வேலை தெரிஞ்சுது, அப்புறம்தான் வீல்சேர் தெரிஞ்சுது. நம்ம ஊர்ல ஒருத்தரை அறிமுகப்படுத்தறப்ப இது தலைகீழாத்தான் நடக்கும், "அந்த ஆக்சிடென்ட் ஆச்சே, அந்தப் பொண்ணு", அப்புறம்தான் பேரே வரும்.

1996ல அதே ரெண்டு பேரும் 'ஆரக்கிள்: இயர் ஒன்'னு ஒரு சின்னக் கதை எழுதினாங்க, 'பேட்மேன் க்ரானிக்கிள்ஸ்' 5ஆவது இதழ்ல, பிரையன் ஸ்டெல்ஃபிரீஸ் படம். நான் டேப்லெட்ல மூணு தடவை திரும்பத் திரும்பப் படிச்சது இதைத்தான். குண்டு பட்டதுக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கறதுதான் கதையே. ஆஸ்பத்திரி, கோவம், வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கறது, வெளில போனா வர்ற பயம், ரிச்சர்ட் டிராகன்ங்கற சண்டை வாத்தியார்கிட்ட போய் உக்காந்த இடத்துல இருந்தே குச்சி வச்சு சண்டை போடக் கத்துக்கறது. அதுல பேட்மேன்கிட்ட ஒரு இடத்துல வெடிக்கறா பாருங்க. அந்தக் கடைசிப் பக்கச் சிரிப்பு அவளுக்குத் தெரிஞ்சுடுது. ஜோக்கர் அவளைச் சுட்டதுகூட அவளுக்காக இல்ல, அப்பாவையும் பேட்மேனையும் சீண்டறதுக்காக, அதுதான் தனக்குப் பெரிய அவமானம்னு சொல்றா. உங்களை வச்சுத்தான் என் உசுருக்கே மதிப்பு, பேட்கேர்ளா இருந்தப்பகூட உங்களோட பலவீனமான காப்பியாத்தானே என்னைப் பார்த்தாங்கங்கற அர்த்தத்துல போகும் அந்த வசனம். எட்டு வருஷம் முன்னாடி வந்த ஒரு புகழ்பெற்ற கதையை அந்தக் கதையோட பாத்திரமே வந்து விமர்சனம் பண்ணுது! நான் வாசகியா கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சதா நினைச்சதை, அவளே சொல்லிட்டா.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, குண்டு அவளுக்கு எந்தச் சக்தியும் கொடுக்கல. ஆரக்கிளோட பலம் எங்கிருந்து வந்துச்சு? லைப்ரரில இருந்து. ஒரு தடவை படிச்சதை மறக்காத ஞாபகசக்தி, எந்தத் தகவல் எங்க கிடைக்கும்னு தெரியற அறிவு, கம்ப்யூட்டர். எல்லாமே சுடறதுக்கு முன்னாடியே அவகிட்ட இருந்த சரக்கு. காயம் அவளோட வழியை மாத்துச்சு, அவளை உருவாக்கல. நிறைய எழுத்தாளர்கள் சறுக்கற இடமே இதுதான்னு நான் நினைக்கறேன், பொண்ணுக்கு ஒரு கொடுமையை நடத்திட்டு, அந்தக் கொடுமையையே ஏதோ வரம் மாதிரி ஆக்கிடுவாங்க.

அதுக்குக் கிளாசிக் உதாரணம் ரெட் சோன்யா. செக்கச்செவேல்னு முடி, இரும்பு பிகினி, கையில வாள். 1973ல கோனன் காமிக்ஸ்ல ராய் தாமஸும் பேரி விண்ட்சர் ஸ்மித்தும் கொண்டுவந்த பாத்திரம். 1975ல அவளுக்கு ஒரு ஆரம்பக் கதை எழுதினாங்க: குடும்பத்தையே கொன்னுட்டு அவளை ஒருத்தன் பலாத்காரம் பண்றான், அவ அழுதுட்டிருக்கறப்ப ஒரு தெய்வம் தோன்றி வாள் வீசற திறமையைக் கொடுக்குது, ஆனா ஒரு கண்டிஷன், உன்னை நேர்மையான சண்டையில ஜெயிக்கறவனைத் தவிர வேற எந்த ஆம்பளைகிட்டயும் நீ போகக்கூடாது. கொஞ்சம் நிதானமா யோசிங்க இதை. நடந்த கொடுமைக்கு இவ நிபந்தனை போட்டுக்கணுமாம். அதோட, ஒவ்வொரு கதையிலயும் ஏதோ ஒரு தடியன் "நான் உன்னை ஜெயிக்கறேன் வா"ன்னு கிளம்பி வர்றதுக்கு வசதியாவும் போச்சு.

வேடிக்கை என்னன்னா, இவளுக்கு மூலமே 1934ல ராபர்ட் ஈ. ஹோவர்ட் எழுதின ஒரு சரித்திரச் சிறுகதைல வர்ற இன்னொரு சோன்யா. 1529ல துருக்கிப் படை வியன்னாவை முற்றுகை போட்டப்ப கோட்டையில நின்னு சண்டை போடறவ, துப்பாக்கி, பீரங்கி எல்லாம் தெரியும், வாய் வேற சும்மா இருக்காது. சுல்தான் சுலைமானோட மனைவி ரோக்ஸலானா இவளுக்குச் சகோதரின்னு கதையில வரும், அந்தச் சகோதரி மேலதான் கோவம். அவ்வளவு போதும்னு அந்த ஆளு விட்டுட்டார். நாற்பது வருஷம் கழிச்சு வந்தவங்களுக்குத்தான் அது பத்தல. 2013ல கெயில் சிமோன் இந்தக் காமிக்ஸை எடுத்தப்ப பலாத்காரத்தையும் அந்த நிபந்தனையையும் தூக்கிட்டாங்க. ஊரை அழிச்சவங்களைச் சின்னப்பொண்ணா இருந்தே தேடிப்போய் வேட்டையாடறவ, குடிப்பா, சாப்பிடுவா, நாறுவா, சிரிப்பா. கதை கெட்டுப்போச்சா? இல்ல, நல்லாவே ஓடுச்சு.

கெயில் சிமோன் பேர் இந்த விஷயத்துல திரும்பத் திரும்ப வரும். 1999ல அவங்க காமிக்ஸ் எழுத்தாளரே இல்ல, முடி வெட்டற வேலை பார்த்துட்டு காமிக்ஸ் படிச்சுட்டிருந்தவங்க. அப்பத்தான் ஒரு பட்டியல் போட்டாங்க, காமிக்ஸ்ல கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, பலாத்காரம் செய்யப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்கள் யார் யார்னு. பேரு 'விமன் இன் ரெஃப்ரிஜிரேட்டர்ஸ்'. 1994ல ஒரு கிரீன் லான்டர்ன் கதையில ஹீரோ வீட்டுக்கு வந்தா காதலியோட பிணம் ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கும், அதுல இருந்து வந்த பேர். அந்தப் பட்டியல்ல பார்பராவும் உண்டு. பட்டியல் போட்டவங்களே 2003ல 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' எழுத வந்தாங்க, ஆரக்கிள்தான் அதுல தலைவி. நான் ஆரக்கிளை முழுசா ரசிச்சது அங்கதான். வேலை செய்யறா, ஃப்ரெண்டுங்களோட சண்டை போடறா, தப்பு பண்றா, திமிரும் உண்டு.

அப்புறம் 2011ல டிசி எல்லாத்தையும் முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க, பார்பரா எழுந்து நடந்து மறுபடி பேட்கேர்ள் ஆயிட்டா. எழுதினதும் அதே சிமோன்தான். இதுல எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியல. வீல்சேர்ல இருக்கற வாசகர்கள் நிறைய பேருக்கு அது நெஞ்சுல அடிச்ச மாதிரி இருந்துச்சு, அவங்களுக்குன்னு இருந்த ஒரு பெரிய ஹீரோவைக் குணப்படுத்தறேன்னு சொல்லிப் பிடுங்கிட்டாங்க, அது நியாயமான கோவம். அதே நேரம், அந்த முதல் இதழ்லயே ஒருத்தன் அவ வயித்தைப் பார்த்துத் துப்பாக்கியை நீட்டறப்ப அவ அப்படியே உறைஞ்சு நிக்கறா, அவ அசையாம நின்ன அந்த நேரத்துல ஒரு உயிர் போகுது. கால் குணமாயிடுச்சு, வயிறு இன்னும் அந்தக் கதவுகிட்டயே நிக்குது. வாக்கர் இல்லாம நடக்க ஆரம்பிச்ச பிறகும் ரெண்டு மாசம் நான் ரோட்டுல மணலைப் பார்த்தா நின்னுடுவேன், அதனால அந்தக் கட்டத்தை எழுதினவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

ஒண்ணு சொல்லிடறேன், என் முட்டி எங்க, இந்தக் கதைகள்ல வர்றது எங்க. எலும்பு ஒட்டும். பலாத்காரத்தைப் பத்திப் பேசறப்ப அளவுகோலா என் ஸ்க்ரூவை வைக்கற அளவுக்கு நான் கூறுகெட்டவ இல்ல. எனக்குப் புரிஞ்சது ஒரே விஷயம்தான், அடிபட்டவ ஒருத்தி இருக்கறப்ப கதை எப்படி நைசா நழுவி பக்கத்துல நிக்கறவங்க மடியில போய் உக்காருதுங்கறது. எழவு வீட்டுல கட்டிப்பிடிச்சு அழறவங்க பாதி நேரம் தன் கதையைத்தான் அழுவாங்கன்னு பாட்டி சொல்லும், அது மாதிரி.

கரோல் டான்வர்ஸ் விஷயத்துல நடந்தது இதைவிட மோசம். 1980, அவெஞ்சர்ஸ் 200ஆவது இதழ், பெரிய கொண்டாட்ட இதழ். மிஸ் மார்வெல்ங்கற பேர்ல அந்தக் கூட்டத்துல சூப்பர்ஹீரோவா இருந்த கரோல் திடீர்னு மாசமாகறா, எப்படின்னு அவளுக்கே தெரியல, சில நாள்ல குழந்தை பிறந்து அது மடமடன்னு வளர்ந்து ஆளாயிடுது, பேரு மார்கஸ். அவன் வாயாலேயே சொல்றான், உன்னை வேற ஒரு உலகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், மெஷின் வச்சு உன் மனசைக் கொஞ்சம் மாத்தினேன், அதுக்கப்புறம் நடந்ததுல பிறந்தவன்தான் நான்னு. கரோல் அவன் கூடவே போறேங்கறா. கூட இருந்த அவெஞ்சர்ஸ் எல்லாம், சந்தோஷமா இரும்மான்னு வழியனுப்பி வைக்கறாங்க! எழுதின நாலு பேருக்கும் இது காதல் கதைன்னு தோணியிருக்கு. அந்தக் காலத்துலயே கரோல் ஸ்ட்ரிக்லேண்ட்ங்கற விமர்சகர் இதுக்குப் பேரு பலாத்காரம்னு நேராவே எழுதிட்டாங்க.

அடுத்த வருஷம் கிறிஸ் கிளேர்மான்ட் அவெஞ்சர்ஸ் ஆண்டு மலர்ல, அது 10ஆவது மலர், கரோலைத் திரும்பக் கூட்டிட்டு வந்தார். ஏற்கனவே அவ தனி காமிக்ஸை எழுதினவர், தன் பாத்திரத்துக்கு இப்படி ஆனதுல அவருக்குச் செம கடுப்பு. கதை முழுக்க வேற ஏதேதோ சண்டை, ரோக்னு ஒரு புது வில்லி வந்து கரோலோட சக்தியையும் நினைவையும் உறிஞ்சறா, அதெல்லாம் நடக்குது, ஆனா மேட்டர் கடைசிப் பக்கங்கள்ல. அவெஞ்சர்ஸ் அவளைப் பார்க்க வர்றாங்க. கரோல் அவங்களை உக்கார வச்சுக் கேக்கறா: எனக்கு நினைவு தடுமாறியிருந்தப்ப ஒருத்தராவது சந்தேகப்பட்டீங்களா, அவன் சொன்னதை அப்படியே நம்பி என்னை அனுப்பி வச்சீங்களேன்னு. அவங்ககிட்ட பதில் இல்ல. தலையைக் குனிஞ்சு நிக்கறாங்க. எனக்குத் தெரிஞ்சு சூப்பர்ஹீரோ காமிக்ஸ்ல வில்லனை விட்டுட்டு வேடிக்கை பார்த்தவங்களை நிக்க வச்சுக் கேள்வி கேட்ட முதல் கதைகள்ல இது ஒண்ணு.

இருபது வருஷம் தள்ளி வாங்க. 2001ல மார்வெல் 'ஏலியஸ்'னு பெரியவங்களுக்கான ஒரு தொடர் ஆரம்பிக்குது, பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத்து, மைக்கேல் கெய்டோஸ் படம், மொத்தம் 28 இதழ். ஜெசிகா ஜோன்ஸ், முன்னாள் சூப்பர்ஹீரோ, இப்ப தனியார் துப்பறியும் ஆள், குடிகாரி, வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை. ஏன் வேஷத்தைக் கழட்டினான்னு சொல்லவே மாட்டாங்க. ஒரு இதழ், ரெண்டு இதழ் இல்ல, இருபது இதழுக்கு மேல. நாம பார்க்கறது வேலை, வாடகை, மோசமான உறவு, தூக்கம் வராத ராத்திரி. காயம் ஆறாத ஒருத்தியோட சாதா செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்னு பார்த்துட்டே இருக்கோம், காரணம் தெரியாமயே. கடைசி அத்தியாயத்துல அவளா ஒரு நாள் தனக்கு நெருக்கமான லூக் கேஜ்கிட்ட உக்காந்து சொல்றா. கில்கிரேவ்னு ஒருத்தன், அவன் சொன்னா யாரும் மறுக்க முடியாது, எட்டு மாசம் அவளைக் கட்டுப்பாட்டுல வச்சிருந்தான். என்ன பண்ணான்னு நாம அவ சொல்றதைத்தான் கேக்கறோம். எவ்வளவு சொல்லணும், எங்க நிறுத்தணும்ங்கறதை அவதான் முடிவு பண்றா. 2015ல வந்த டிவி தொடரும் கிட்டத்தட்ட இதைத்தான் பிடிச்சுக்கிச்சு, பலாத்காரம்ங்கற வார்த்தையை அவ அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்வா, ஆனா கேமரா அந்தச் சம்பவத்தை ஒரு தடவைகூட காட்டாது.

அந்த எட்டு மாசத்துல அவளைக் காணோம்னு யாருமே தேடலங்கறதுதான் ஜெசிகாவுக்குப் பெரிய வலி. கடைசியா கில்கிரேவ் அவளை டேர்டெவில்ங்கற ஹீரோவைக் கொல்லுன்னு அனுப்பறான், அவ மந்திரத்துல கட்டுண்ட மாதிரி போய் அவெஞ்சர்ஸ் மேலயே மோதறா, அவங்க யாருன்னு கேக்காம அடிச்சு நொறுக்கறாங்க. அந்தக் கூட்டத்துல இவளை அடையாளம் தெரிஞ்சு தூக்கிட்டுப் போய்க் காப்பாத்தறது ஒரே ஒருத்தர். யாரு தெரியுமா? கரோல் டான்வர்ஸ். 1980ல இதே கூட்டம் கையசைச்சு வழியனுப்பின அதே கரோல். பெண்டிஸ் இதைத் திட்டம் போட்டுத்தான் செஞ்சாரான்னு எனக்குக் கவலை இல்ல, அந்தக் கட்டத்துக்கு வந்தப்ப நான் டேப்லெட்டைக் கவுத்து வச்சுட்டுக் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துட்டிருந்தேன்.

எல்லாரும் இப்படி எழுதிடறாங்களா, இல்ல. எக்ஸ்-23, அதான் வுல்வரினோட க்ளோன் லாரா, காமிக்ஸ்ல முதல்ல வந்தப்ப தெருவுல உடம்பை விக்கற, தன்னையே கீறிக்கற சின்னப்பொண்ணு, 2004ல. அடுத்து வந்த ஆரம்பக் கதையில ஆய்வுக்கூடம், சித்திரவதை, தன் அம்மாவையே தன்னை அறியாம கொல்றது. போதும்டா சாமின்னு இருந்துச்சு எனக்கு. 2010ல மார்ஜரி லியூ எழுத வந்த பிறகுதான் அவளுக்கு என்ன வேணும்னு யாரோ கேட்ட மாதிரி இருந்துச்சு. நேர்மாறா 2009ல கிரெக் ரக்காவும் ஜே. எச். வில்லியம்ஸும் செஞ்ச பேட்வுமன். பேட்வுமனா வர்ற கேட் கேனுக்கும் சின்ன வயசுல அம்மாவைப் பறிகொடுத்த சோகம் உண்டு, ஆனா அவளைச் செதுக்கினது அது இல்ல. ராணுவக் கல்லூரில நீ லெஸ்பியனான்னு கேக்கறாங்க, பொய் சொன்னா படிப்பு மிச்சம், பொய் சொல்லக்கூடாதுங்கறது அங்க சத்தியம். உண்மையைச் சொல்லிட்டு வெளியே வர்றா. அவ எடுத்த முடிவுல இருந்து கதை கிளம்புது.

எங்க வீட்டுல காமிக்ஸ்னா முதல்ல மாடஸ்டிதான். அண்ணன் ஒரு அட்டைப்பெட்டி நிறைய லயன் காமிக்ஸ் வச்சிருந்தான், தொடவிட மாட்டான், அவன் டியூஷன் போன நேரத்துல திருடிப் படிப்பேன். 1984ல லயன் காமிக்ஸ் ஆரம்பிச்சப்ப முதல் இதழே மாடஸ்டி பிளைசி கதைதான், சிவகாசில அச்சாகி வந்த இங்கிலாந்துக் காமிக்ஸ் நாயகி. அவளுக்கும் படு பயங்கரமான இளமை. போர்க்கால அகதி, அப்பா அம்மா பேரு தெரியாது, ஊர் ஊரா தனியா நடந்தே வளர்ந்தவ. ஆனா பீட்டர் ஓ'டானல் 1963ல தொடரை ஆரம்பிச்சப்ப அதையெல்லாம் சொல்லவே இல்ல, நேரா வேலைல இறக்கிட்டார். ஆரம்பக் கதையைத் தனியா ஒரு சின்னத் தொடரா வரைஞ்சதே மூணு வருஷம் கழிச்சு, 1966ல.

அந்தப் பாத்திரம் வந்த கதை இன்னும் அழகு. 1942ல ஓ'டானல் பிரிட்டிஷ் ராணுவத்துல ஈரானோட வடக்குப் பக்கம் இருந்தப்ப, அகதியா தனியா நடந்து வந்த ஒரு சின்னப்பொண்ணைப் பார்த்திருக்கார். வெறுங்கால், ஒரு மூட்டை, கழுத்துல தொங்கவிட்ட ஒரு மரக்கட்டைல ஆணியைக் கட்டி ஆயுதம் பண்ணி வச்சிருந்தா. சிப்பாய்ங்க சாப்பாடு கொடுத்தாங்க, பக்கத்துல வராம தள்ளி இருந்தே வாங்கி சாப்பிட்டுட்டு, பாத்திரத்தைக் கழுவி வச்சுட்டு, ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு நடையைக் கட்டிட்டா. அவளுக்கு என்ன நடந்துச்சுன்னு அந்த மனுஷன் கேக்கல, கற்பனை பண்ணியும் விவரிக்கல. அவர் மனசுல நின்னது அந்த ஆணியும், கழுவி வச்ச பாத்திரமும், சிரிப்பும். இருபது வருஷம் கழிச்சு அதுல இருந்து ஒரு பாத்திரம் பண்ணார்.

போன தை மாசம் சித்தப்பா பையன் கல்யாணம், திருப்பூர்ல. பந்தி முடிஞ்சு தாம்பூலப் பையோட உக்காந்திருந்தோம், பொண்ணு வீட்டுக்காரர் ஒருத்தர் நான் படி இறங்கற விதத்தைப் பார்த்து என்னாச்சுன்னு கேட்டுட்டார். கேட்டது அப்பாகிட்ட. அப்பா தொண்டையைச் செருமினார், "ஒன்பதரை மணிங்க, டிவில நியூஸ் ஓடிட்டிருந்துச்சு..." நான் "அப்பா, இருங்க, நான் சொல்றேன்" னேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனா நிறுத்திட்டார்.

என் கதையில ஃபோனே கடைசிலதான் வரும். அன்னைக்கு சம்பளம் வந்திருந்துச்சு. அம்மாவுக்கு நெய் ரோஸ்ட், எனக்கும் அப்பாவுக்கும் பரோட்டான்னு பார்சல் வாங்கி ஹேண்டில்ல மாட்டிட்டு வந்தேன், ஹெல்மெட்டுக்குள்ள பாட்டு முணுமுணுத்துட்டு. திருப்பத்துல வீடு கட்ட யாரோ கொட்டின மணல், முந்தின நாள் மழையில ரோடு பூரா பரவியிருந்துச்சு. வண்டி சறுக்கறப்ப நான் பிரேக்கை விடல, பார்சலைப் பிடிச்சேன். அதான் முட்டி முதல்ல தரையில போச்சு. இதைச் சொன்னதும் அந்தப் பெரியவர் சிரிச்சுட்டார், நானும் சிரிச்சுட்டேன்.

அப்பா சிரிக்கல. கொஞ்ச நேரம் தாம்பூலப் பையோட கயிறை முறுக்கிட்டே இருந்தார். அப்புறம் கேட்டார், "அந்தப் பார்சல் என்னாச்சு?"

இத்தனை வருஷத்துல அதை யாரும் கேட்டதில்ல. என்னைத் தூக்கிவிட வந்த பையன்கிட்டயே கொடுத்துட்டேன்னு சொன்னேன்.